ஆர்க் அடிக்கும் முன் காற்றைப் பாருங்கள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் யார்டுகளில் வெல்டராகச் சேருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மாஸ்க் நல்ல மாஸ்க்?" என்பதுதான். அது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது வேறு. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? நம் புகை எந்தப் பக்கம் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஆர்க் (வெல்டிங் மின்பொறி) அடிக்கக் கூடாது. இத்தனை வருட யார்டு வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கொள்கை இதுதான்.

நான் புதுக்கோட்டைக்காரன். திருச்சியில் தொழில் கற்றேன். அங்கே பட்டறை என்றால் மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. புகை தானாகப் போய்விடும், அதைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். சிங்கப்பூரில் கப்பலுக்குள் இறங்கியபோது வெல்டிங் ராடும் மிஷினும் பழகியவையாகவே இருந்தன. புதிதாக இருந்தது காற்றுதான். கப்பலின் அடியில் இரட்டைத் தளத்துக்கு நடுவே இருக்கும் டபுள் பாட்டம் டாங்க்குக்குள் குனிந்து, தவழ்ந்து, ஒரு சின்னப் பொந்து வழியாக அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்தால், நாம் கிளப்புகிற புகை அங்கேயே நிற்கும். ஊரில் கற்ற கைத்திறமை அங்கே உதவும், ஊரில் பழகிய அலட்சியம் உதவாது.

புகை என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அது விறகுப் புகை மாதிரியானது இல்லை. ஆர்க்கின் சூட்டில் உலோகமே ஆவியாகி, காற்றில் பட்டதும் மறுபடி இறுகி மிக நுண்ணிய துகளாகிறது. ஒரு மைக்ரானுக்கும் கீழே இருப்பதால் மூக்கு முடியில் நிற்காது, தொண்டையில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். அந்த உலோகத்தில் பெரும்பகுதி பிளேட்டிலிருந்து வருவதில்லை, நாம் ஊட்டுகிற ராடிலிருந்தும் வயரிலிருந்தும் வருகிறது. அதனால் எந்த பிளேட் என்று கேட்பதோடு, எந்த வயர் என்றும் கேட்க வேண்டும். வயர் பெட்டிக்கு ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு, அதில் என்னென்ன உலோகம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஸ்டோரில் கேட்டால் காட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. அதற்கு முன்னால் 'உண்டாக்கக்கூடும்' என்ற அளவில்தான் வைத்திருந்தார்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புகை மட்டும்தான் கெடுதல், சாதா இரும்பு பரவாயில்லை என்று இன்னமும் யார்டில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை, சாதா இரும்பின் புகையும் அந்தப் பிரிவுக்குள்தான் வருகிறது.

உலோகத்துக்கு உலோகம் ஆபத்து மாறுகிறது என்பதும் உண்மை. சாதா இரும்பில் கவனிக்க வேண்டியது மாங்கனீஸ். பல வருடம் சுவாசித்தால் அது மூளையைப் பாதிக்கும். நடை தளரும், கை நடுங்கும், கையெழுத்து சிறுத்துப் போகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். மெதுவாக வருவதால் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எஸ்எஸ் வேலையில் குரோமியமும் நிக்கலும் வரும். அதிலும் 6 இணைதிறன் கொண்ட குரோமியம் மூக்குக்குள் புண்ணாக்கும், ஆஸ்துமா தரும், நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். ராடு வெல்டிங்கிலும் உள்ளே பொடி நிறைத்த வயரான ஃப்ளக்ஸ் கோரிலும் அது அதிகம். டிக் என்ற வெல்டிங் முறையில் புகை மிகக் குறைவு. புகை தெரியவில்லையே என்று டிக் வெல்டர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் புகை குறைந்த இடத்தில் ஆர்க்கின் புற ஊதாக் கதிர் தடையில்லாமல் காற்றில் பட்டு ஓசோனை உண்டாக்குகிறது, அலுமினியத்தில் இன்னும் கூடுதலாக. தொண்டை கரகரப்பு, நெஞ்சில் இறுக்கம், வறட்டு இருமல் வந்தால் அதை ஏசிக் குளிர் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கால்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடப்பது அதுதான். எங்கள் டார்மிட்டரி அறையில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு திங்கட்கிழமை பகல் முழுக்க கால்வனைஸ் ஹேண்ட்ரெயில் வெல்டிங். ராத்திரி போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கினான். உடம்பெல்லாம் வலி, தாகம், வாயில் இரும்பைச் சப்பினது போல ஒரு ருசி. டெங்கு என்று பயந்துவிட்டான். மறுநாள் வியர்த்து இறங்கியது, அதற்கடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டான். இது துத்தநாகப் புகைக் காய்ச்சல். சுவாசித்து 4 முதல் 12 மணி நேரம் கழித்து வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதனால் காலையில் செய்த வேலைக்கும் இரவுக் காய்ச்சலுக்கும் பலர் முடிச்சுப் போடுவதில்லை. தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு சில நாளில் பழகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திங்களன்று மறுபடி அடிக்கும்.

அன்றைக்கு அறையில் இருந்த மூத்தவர்கள் எல்லோரும் சொன்ன வைத்தியம் பால். "ஒரு பாக்கெட் பால குடிச்சுட்டு வேலைக்குப் போனா ஒண்ணும் பண்ணாதுடா." ஊரில் வெல்லம், வாழைப்பழம் என்பார்கள். அன்போடு சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பாலைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் புகைக்குள் தலையை விடுவதுதான் நடக்கிறது. பால் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. அதைக் காப்பு என்று மட்டும் நம்பாதீர்கள்.

கால்வனைஸ் வேலை வந்தால் செய்ய வேண்டியது, வெல்ட் விழும் இடத்தின் இருபக்கமும் பூச்சைக் கிரைண்டர் போட்டு எடுப்பது. மூடிய இடத்தில் 100 மில்லிமீட்டர் வரை எடுங்கள். பிரைமர், பெயிண்டுக்கும் இதேதான். கிரைண்டிங் தூசிக்கும் மூச்சு மாஸ்க் வேண்டும். பிளேட்டின் மறுபக்கத்தையும் மறக்காதீர்கள். நாம் இந்தப் பக்கம் வெல்டு போட, அந்தப் பக்கம் அடுத்த அறையில் பெயிண்ட் எரிந்து புகையும். அங்கே யாராவது குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். ஃபயர் வாட்ச்மேனை அந்தப் பக்கமும் நிறுத்தச் சொல்வதற்குத் தீ மட்டும் காரணம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு சேர்ந்தது. சில போல்டுகள், பிராக்கெட்டுகள் மேல் காட்மியம் பூசியிருப்பார்கள். உலோகத்தை ஒட்டவைக்க உருக்கும் சில சில்வர் பிரேசிங் கம்பிகளிலும் காட்மியம் உண்டு. பார்வைக்கு துத்தநாகப் பூச்சு மாதிரியே தெரியும். அதன் புகையும் முதலில் காய்ச்சல் போலத்தான் ஆரம்பிக்கும், ஆனால் ஒரு நாளுக்குள் நுரையீரலில் நீர் கோத்து ஆளைக் கொல்லக்கூடியது. அதனால் வெல்டிங் செய்த அன்று வருகிற காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால், 'கால்வனைஸ் காய்ச்சல்தான், விடிஞ்சா சரியாகிடும்' என்று படுக்க வைக்காதீர்கள். அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூடிய இடத்தில் கேஸ் டார்ச் வைத்து நெடுநேரம் சூடேற்றும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடும் இப்படித்தான். வேலையிடத்தில் லேசான இருமல் மட்டும் தரும். சில மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சு அடைக்கும்.

கிளீனிங் கெமிக்கல் ஒன்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க ஸ்ப்ரே அடிப்பார்கள். டப்பாவில் உள்ள பொருள்களின் பெயரில் 'குளோரோ' என்று எங்காவது வந்தால் அதை வெல்டிங் நடக்கும் இடத்துக்கே கொண்டுவரக் கூடாது. அந்த ஆவி ஆர்க்கின் கதிரிலும் சூட்டிலும் பட்டால் ஃபோஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். துடைத்துவிட்டோம் என்றால் போதாது, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் யாராவது அடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கோ மூக்குக்கோ ஏதோ ஒரு அடையாளம் காட்டும். எனக்கு அதிகம் பயம் தருவது அடையாளமே காட்டாதவை.

எஸ்எஸ் பைப் வெல்டிங்கில் உள்பக்கம் கருகாமல் இருக்க ஆர்கான் என்ற வாயுவை விடுவோம். பெரிய பைப், உள்ளே ஆள் தோள்வரை நுழையலாம். ஒரு கம்பெனியில் வேலை செய்தபோது எங்களோடு இருந்த ஃபிட்டர், வயதில் மூத்தவர், நல்ல வேலைக்காரர், ரூட் (வெல்டின் முதல் அடுக்கு) எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க அடைப்பைப் பிரித்துத் தலையை உள்ளே விடப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோபப்பட்டார். "என்னப்பா, கேஸ மூடி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார். பேசாமல் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். அலாரம் கத்தியது. ஆக்சிஜன் அளவு மனிதன் உயிரோடு இருக்கக்கூடிய அளவில் இல்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதன் பிறகு அவரே புதியவர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

ஆர்கான் காற்றை விட 1.4 மடங்கு கனம். கிணற்றில் தண்ணீர் நிற்பது போலப் பள்ளமான இடத்தில் தங்கி நிற்கும். நிறமில்லை, மணமில்லை. மூச்சு முட்டினால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை நமக்குத் தருவது உடம்பில் சேருகிற கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு இல்லை. ஆர்கானைச் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம் போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் திணறலே இல்லாமல் இரண்டொரு மூச்சில் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் விழுவார். இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போன குடும்பங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. கூட்டாளி உள்ளே விழுந்தால் நாம் உள்ளே போகக் கூடாது. கத்தி ஆள் கூப்பிட வேண்டும், கேஸை மூட வேண்டும், வெளியிலிருந்து காற்றை அடிக்க வேண்டும், மூச்சுக்கருவி மாட்டிய மீட்புக் குழு இறங்க வேண்டும். படிக்கும்போதே மனசு ஒப்பாது என்று தெரியும். முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது.

கேஸே இல்லாத டாங்க்கிலும் ஆக்சிஜன் குறையும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் டாங்க் மூடியே கிடந்தால், அதில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். யாரும் எதையும் கொட்டவில்லை, எந்தக் குழாயும் கசியவில்லை, ஆனாலும் உள்ளே போனவர் திரும்பமாட்டார்.

இதற்காகத்தான் சிங்கப்பூரில் 2009இல் மூடிய இடங்களுக்கான தனி விதிமுறை வந்தது. உள்ளே போக பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட் நுழைவாயிலில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். வாயிலில் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 23.5க்கு மேல் போகவும் கூடாது. எரியும் வாயு, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9. மீட்டரைத் திறந்த வெளியில் ஆன் செய்யும்போதே 20.9 காட்டவில்லை என்றால் அந்த மீட்டரை நம்பி இறங்காதீர்கள். டெஸ்ட் செய்யும்போது மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும், ஏனென்றால் கனமான வாயு அடியில் நிற்கும், லேசானது மேலே நிற்கும். வரிசையும் முக்கியம். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு விஷ வாயு. எரியும் வாயுவை அளக்கிற சென்சார்களில் பெரும்பாலானவை வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும்.

காலையில் எடுத்த ரீடிங் காலைக்குத்தான். நாம் உள்ளே வெல்டிங் செய்யும்போதே காற்று மாறிக்கொண்டிருக்கிறது. வெல்டைக் காக்க விடும் சிஓடூ கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) அடியில் சேரும், அதிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் வரும். அதனால் மீட்டர் வாயிலில் தொங்கினால் பயனில்லை, வேலை செய்கிறவர் உடம்போடு இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் கூடினாலும் ஏன் ஆபத்து என்று சிலர் கேட்கிறார்கள். 23.5க்கு மேல் போனால் துணி, எண்ணெய், முடி எல்லாம் கொளுந்துவிட்டு எரியும், அணைக்க முடியாது. கட்டிங் டார்ச்சின் ஆக்சிஜன் ஹோஸ் கசிந்தால் டாங்க்குக்குள் இது எளிதாக நடக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆக்சிஜன் ஹோஸை உடம்பில் அடித்துக்கொள்வதும், காற்று போதவில்லை என்று ஆக்சிஜனைத் திறந்துவிடுவதும் நான் கண்ணால் பார்த்தவை. எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது டார்ச்சையும் ஹோஸையும் உங்களோடு வெளியே இழுத்துவிடுங்கள். வால்வை மூடினேன் என்பது போதாது.

1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்க்க நின்ற ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் மதிய இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். கச்சா எண்ணெய் கலந்துவிட்ட எரிபொருள் டாங்க்கில் ஆவி நிறைந்திருந்தது, கட்டிங் டார்ச்சின் பொறி அதைப் பற்றவைத்தது என்று விசாரணையில் சொன்னார்கள். இன்று நாம் ஹாட் வொர்க் பெர்மிட்டுக்காக (நெருப்பு, பொறி வரும் வேலைக்கான அனுமதி) நின்று காத்திருக்கும்போது வருகிற எரிச்சல் எனக்கும் தெரியும். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் அந்த 76 பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி புளோவர், அதாவது காற்றைத் தள்ளவோ உறிஞ்சவோ வைக்கும் மிஷின். யார்டில் புளோவர் ஓடுகிறது என்றால் காற்று வருகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடுவது வேறு, வேலை நடக்கும் இடத்தில் காற்று மாறுவது வேறு. நான் அதிகம் பார்த்த குறை, உறிஞ்சுகிற டக்டை (காற்றுக்குழாயை) மேன்ஹோலுக்குள் ஒரு முழம் மட்டும் விட்டுவைப்பது. அது அதே மேன்ஹோல் வழியாக வரும் நல்ல காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளும். மூலையில் வெல்டர் இருக்கிற இடத்தில் ஒன்றும் அசையாது. டக்டை வேலை நடக்கும் முனைவரை இழுத்துப் போக வேண்டும், நல்ல காற்று வேறொரு திறப்பு வழியாக வர வேண்டும். உறிஞ்சும் வாய் ஆர்க்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டக்டின் வாய் 300 மில்லிமீட்டர் அகலம் என்றால், அதிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு 'எக்ஸாஸ்ட் போட்டிருக்கேன்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. வெல்டு நகர நகர டக்டையும் நகர்த்துங்கள், அதற்கு ஒரு ஹெல்பரைக் கேளுங்கள். டக்டில் கிழிசல், மடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உள்ளே காற்று தள்ளுகிற புளோவர் மேலே எங்கே நிற்கிறது என்றும் ஏறிப் பாருங்கள். டீசல் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றால் அதன் புகையைத்தான் நம் வாயில் ஊட்டுகிறது.

சிஓடூ வெல்டர்களுக்கு இதில் ஒரு நிஜமான சங்கடம் உண்டு. ஃபேன் காற்று பலமாக அடித்தால் ஷீல்டிங் கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழும். தரம் பார்க்கிற கியூசி ரிஜெக்ட் செய்வார். அதனால் வெல்டரே ஃபேனை அணைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், திட்டு விழுவது அவருக்குத்தானே. காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பொதுவாக வெல்டு தாங்கும். அடிக்கிற காற்றை விட உறிஞ்சுகிற காற்று நல்லது. ஃபேன்தான் இருக்கிறது என்றால் முதுகுப் பக்கம் வைக்காதீர்கள். பின்னாலிருந்து வரும் காற்று உடம்பைச் சுற்றி வந்து நெஞ்சுக்கு முன்னால் சுழலும், புகையை முகத்துக்கே இழுத்துக்கொண்டு வரும். பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி வையுங்கள். தலையைப் புகைக்கு நேர் மேலே வைக்காமல் ஓரமாகச் சாய்த்து உட்காருவதற்குப் பணம் எதுவும் செலவில்லை. கண் தெரியவில்லை என்று குனிகிறவர்கள் மூக்குக்கண்ணாடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுவேன். பார்வைக் குறைவால் புகைக்குள் முகத்தை வைத்திருந்த இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகு மாஸ்க். துணி, கைக்குட்டை, நனைத்த துண்டு, சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் வெல்டிங் புகையை நிறுத்தாது. என்-95 துகளைப் பிடிக்கும், ஆனால் வியர்வையில் நனைந்து, ஓரம் தளர்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். எஸ்எஸ் வேலைக்கு, டாங்க் வேலைக்கு, ரப்பர் ஹாஃப் மாஸ்க்கும் பி-100 ஃபில்டரும் கேளுங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், முகத்தை மறைக்கும் வெல்டிங் ஷீல்டுக்குக் கீழே அடங்கும். மோட்டார் வைத்துக் காற்றை வடிகட்டி ஷீல்டுக்குள் அனுப்புகிற கருவி இன்னும் நல்லது. விலை கூடத்தான், ஆனால் நாள் முழுக்க எஸ்எஸ் வெல்டிங் வேலை வாங்குகிற கம்பெனி அதை வாங்கித் தருவதே நியாயம் என்பது என் கருத்து. எந்த ஃபில்டரும் ஆக்சிஜனை உண்டாக்காது. ஆர்கான் நிற்கிற குழியில் இவை எல்லாமே வெறும் அலங்காரம்.

முகத்தில் ஒட்டாத மாஸ்க் மாஸ்க்கே இல்லை. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், இரண்டு நாள் முடியே போதும். மத நம்பிக்கைக்காகத் தாடி வைத்திருப்பவர்களுக்கு முகத்தில் ஒட்டத் தேவையில்லாத ஹூட் வகை மோட்டார் கருவி உண்டு, அதைக் கேட்கலாம். சிங்கப்பூரில் மூச்சுக்கருவிகளுக்கென்றே எஸ்எஸ் 548 என்ற தரநெறி இருக்கிறது (இங்கே எஸ்எஸ் என்றால் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்). ஃபிட் டெஸ்ட் என்று தலையில் ஒரு ஹூட் மாட்டி உள்ளே கசப்போ இனிப்போ ஸ்ப்ரே அடிப்பார்கள். மாஸ்க் போட்டபடி ருசி தெரிந்தால் அந்த சைஸ் உங்களுக்குப் பொருந்தவில்லை. தெரிந்தும் தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். வேலை முடிந்ததும் மாஸ்க்கைத் துடைத்து மூடிய பையில் வையுங்கள். பைப்பில் தொங்கவிட்டால் உள்பக்கம் தூசி படியும், மறுநாள் அதைத்தான் முதலில் சுவாசிப்போம். கேட்டரிங் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வேலையிடத்தில் திறந்து வைக்காதீர்கள். கை கழுவிச் சாப்பிடுங்கள். வேலை உடுப்போடு கட்டிலில் சாயாதீர்கள்.

இதெல்லாம் சரி, கேட்டால் வேலை போய்விடுமே என்ற பயம் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தீராதவன் வாயைத் திறக்க யோசிப்பான், எனக்குப் புரியாமல் இல்லை. நான் தம்பிகளுக்குச் சொல்வது, "முடியாது" என்று ஆரம்பிக்காதே, பேப்பரைக் கேள். "சார், பெர்மிட்ல இன்னைக்கு ரீடிங் எழுதலையே, ஒருதடவ பாத்துட்டா இறங்கிடுறேன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் கோபப்படுவதில்லை, ஏனென்றால் ஏதாவது நடந்தால் அவருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி, சூப்பர்வைசர், தொழிலாளி என்று எல்லோர் மேலும் கடமை வைத்திருக்கிறது. கேட்டும் நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் வழியாகப் படம் எடுத்துப் புகார் அனுப்பலாம். வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற பங்களாதேஷ் பாய்க்குப் புரிந்ததா என்றும் பாருங்கள், ஒரே டாங்க்கில்தான் எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

உடம்பைப் பற்றி. மாங்கனீஸ், காட்மியம் போன்றவற்றுக்கு ஆட்படும் வேலையில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2011இன் விதிமுறை சொல்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த அடிப்படை மருத்துவத் திட்டத்தில் இருக்கும் தொழிலாளி, அதற்குரிய மருத்துவ மையத்துக்குப் போனால் தன் பங்காக 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் போதும். பனடால் போட்டுக்கொண்டு தள்ளிப்போட அவசியமில்லை. அங்கே "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வெல்டர், எஸ்எஸ் வேலை, டாங்க்குக்குள்ளே, நேத்து சாயங்காலத்திலிருந்து" என்று சொல்லுங்கள். டாக்டரால் நம் டாங்க்கைப் பார்க்க முடியாது. நான் ஒரு சின்ன நோட்டில் எந்த வேலை, எந்த வயர், எந்த இடம் என்று எழுதி வைக்கிறேன். வேலையால் வந்த நோய்க்கும் 2019ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது எந்தப் புகையில் எத்தனை காலம் இருந்தோம் என்று சொல்ல ஏதாவது எழுத்தில் இருந்தால் நல்லது.

ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரல் சோதனை, ரத்தப் பரிசோதனை என்று இங்கே எடுத்த எல்லா ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் புகை தரும் நோய்களில் சில பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு புதுக்கோட்டையிலோ ராமநாதபுரத்திலோ உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய எக்ஸ்ரே வேண்டும். வொர்க் பெர்மிட் கேன்சல் ஆன பிறகு அலைவதைவிட, டிக்கெட் போட்ட வாரத்திலேயே கேட்டுவிடுவது எளிது.